உலோகம் வரைகிறீர்கள், ஏதோ இடிக்கிறது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

பித்தளைச் செம்பு, எவர்சில்வர் டம்ளர், அரிவாள். இந்த மூன்றையும் மேசையில் வைத்து ஜிம்ப், கிரிட்டா, போட்டோஷாப் என்ற கணினி மென்பொருள் ஒன்றில் வரைந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். உருவம் சரி, அளவு சரி, நிறம்கூட ஏறக்குறைய சரி, ஆனால் பார்க்க உலோகமாக இல்லை. என்ன தப்பு என்று தெரியாததால் பிரஷ்ஷை மாற்றுகிறோம், எங்கிருந்தோ ஒரு டெக்ஸ்ச்சரை இறக்கி மேலே போடுகிறோம், இன்னும் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கிறோம், படம் இன்னும் மோசமாகிறது. அதனால்தான் இதை முதல் அடி, இரண்டாம் அடி என்று எழுதாமல், கண்ணுக்கு என்ன தப்பாகத் தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். உங்கள் படம் எந்தத் தலைப்பில் மாட்டுகிறதோ அங்கே நேரே போய்விடலாம். அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

மண்பானையில் விழும் வெளிச்சம் மேல்தோலுக்குள் கொஞ்சம் புகுந்து, சிதறி, பானையின் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அதனால் பானைக்கு ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு இருட்டுப் பக்கம், நடுவில் மெதுவாக மாறும் ஒரு சாய்வு. நாம் எல்லாரும் வெளிச்சம்-நிழலைக் கற்றுக்கொண்டது இப்படித்தான். உலோகத்தில் இந்தக் கதையே கிடையாது. வெளிச்சம் உள்ளே புகுந்து சிதறி வருவதில்லை, மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. ஆக, துலக்கிய செம்பில் நீங்கள் பார்ப்பது செம்பின் வெளிச்சமும் நிழலும் அல்ல, ஜன்னல், கூரை, தரை, எதிரே நிற்கும் உங்கள் சட்டை. உலோகம் சரியாக வராத படத்தை யார் காட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த இடத்துக்கு எதிரே என்ன இருக்கிறது? இதற்குப் பதில் இல்லை என்றால் எந்த பிரஷ்ஷும் காப்பாற்றாது, பதில் இருந்தால் சாதாரண வட்ட பிரஷ்ஷே போதும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும், சரிசெய்யத் தொடங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். எல்லா லேயருக்கும் (படத்தின் அடுக்குகளுக்கும்) மேலே ஒரு புது லேயரில் கறுப்பை நிரப்பி அதன் பிளெண்ட் மோடை (கீழே உள்ள லேயரோடு கலக்கும் முறையை) 'கலர்' என்று மாற்றுங்கள் (ஜிம்ப்பில் 'எல்சிஎச் கலர்'), படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பிறகு இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். சிறிதாக்கிய கறுப்பு வெள்ளையிலும் அது உலோகமாகத் தெரிந்தால் உங்கள் பிரச்சினை நிறத்தில் இருக்கிறது. தெரியவில்லை என்றால் நிறத்தைத் தொடவே வேண்டாம், பிரச்சினை வெளிச்சம் இருட்டின் அடுக்கில் இருக்கிறது.

பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது

பத்தில் ஏழெட்டுப் படங்கள் இங்கேதான் விழும் என்பது என் அனுபவம், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காரணம் மூன்று. ஒன்று, மென்மையான பிரஷ்ஷால் இடமிருந்து வலம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு ஒரு சாய்வு போட்டிருப்பீர்கள், அது மண்பானைக்கான சாய்வு. இரண்டு, அதன் மேல் சுத்த வெள்ளையில் ஒரே ஒரு ஹைலைட் (பளபளக்கும் பொட்டு) வைத்திருப்பீர்கள். பிளாஸ்டிக் குடத்தின் மேல் விழும் ஜன்னல் வெள்ளையாகத்தான் இருக்கும், ஏனென்றால் பிளாஸ்டிக்கின் நிறம் உள்ளே இருந்து வருகிறது, பளபளப்பு மட்டும் மேலே, நேரே பார்க்கையில் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்கு. பித்தளையில் விழும் ஜன்னல் மஞ்சளாக இருக்கும். பிளாஸ்டிக்கையும் பித்தளையையும் கண் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான். மூன்று, படத்தின் மிக இருட்டான இடத்துக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் இடையே தூரம் போதவில்லை. ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் இருட்டின் பரவலைக் காட்டும் வரைபடத்தை) திறந்து பாருங்கள், எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கும்.

சரி, செம்பைத் திரும்பத் தொடங்கலாம். முதலில் ஓர் அறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் கம்பி போட்ட ஜன்னல், மேலே வெள்ளைக் கூரை, கீழே சிவப்பு சிமென்ட் தரை, நீங்கள் நிற்கும் பக்கம் கொஞ்சம் இருட்டு. செம்பின் வெளிக்கோட்டை மட்டும் நடுத்தர இருட்டில் நிரப்பி, அதன் மேல் லேயர்களை எல்லாம் அந்த வடிவத்துக்குள் அடங்கும்படி கிளிப் செய்துகொண்டு, பித்தளை நிறத்தை மறந்துவிட்டு, அந்த அறையை வரையுங்கள். உடலின் மேல்பாதி கூரையைப் பார்க்கிறது, அதனால் அங்கே வெளிர். கீழ்ப்பாதி தரையைப் பார்க்கிறது, அங்கே இருண்ட சிவப்பு. நடு வயிறு எதிர்ச்சுவரையும் உங்களையும் பார்க்கிறது, அங்கே செம்பின் வளைவோடு சேர்ந்து வளைந்து போகும் ஓர் இருட்டுப் பட்டை. இடது தோளில் ஜன்னல், நான்கு பக்கமும் உப்பி வளைந்து, நடுவில் கம்பிகள் தெரிய. இதை எல்லாம் ஹார்ட்னெஸ் கூட்டிய, ஓரம் கூர்மையான பிரஷ்ஷால் வரையுங்கள். துலக்கிய உலோகத்தில் வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறும், மெல்ல மெல்ல மாறாது.

கழுத்துக்கு வரும்போது கவனம். உடல் வெளிப்பக்கம் உப்பியிருக்கிறது, கழுத்து உள்பக்கம் குழிந்திருக்கிறது. கழுத்தின் கீழ்ப்பகுதி தோளை நோக்கி விரியும்போது மேல்நோக்கித் திரும்புகிறது, கூரையைப் பிடிக்கிறது. மேல்பகுதி வாய்ப்பக்கம் விரியும்போது கீழ்நோக்கித் திரும்புகிறது, இருட்டைப் பிடிக்கிறது. ஆக உடலில் மேலே வெளிச்சம் கீழே இருட்டு, கழுத்தில் மேலே இருட்டு கீழே வெளிச்சம். இந்தத் தலைகீழ் மாற்றத்தை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் மேலே வெளிச்சம் என்று போட்டால், செம்பு பலூனைக் கட்டிவைத்தது போல ஆகிவிடும்.

இப்போதுதான் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர், அதில் உலோகத்தின் நிறம் சீராக, பிளெண்ட் மோட் 'மல்டிப்ளை'. தங்கத்துக்கு சிவப்பு, பச்சை, நீலம் முறையே 255, 219, 145 சுற்றி எடுத்துக்கொள்ளலாம். பித்தளைக்கு அதைவிடச் சிவப்பைக் கொஞ்சம் குறையுங்கள். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது, துத்தநாகம் கூடக் கூட வெளிறும், அதனால் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மல்டிப்ளை ஏன் என்றால், நிஜத்திலும் நடப்பது இதுதான்: வந்து விழுந்த நிறம் பெருக்கல் உலோகத்தின் நிறம். வெள்ளைக் கூரை மஞ்சளாகும், சிவப்புத் தரை செம்பழுப்பாகும், நீலப் புடவை எதிரே வந்தால் பச்சை கலந்த சாம்பலாகும், நீங்கள் தனித்தனியாக நிறம் தேட வேண்டியதே இல்லை. கடைசியாக, இந்த மல்டிப்ளை லேயருக்கும் மேலே, ஜன்னலின் மிகப் பிரகாசமான உள்பகுதியில் மட்டும், கண் கூசும் இடத்தில், ஏறக்குறைய வெள்ளை. அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பு தெரிய வேண்டும், அதை மூடிவிடாதீர்கள்.

பித்தளை பச்சையடிக்கிறது, அல்லது மஞ்சள் பெயின்ட் அடித்தது போல இருக்கிறது

மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் பாசி நிறம் வரும். இது மென்பொருளின் கோளாறு இல்லை, இருண்ட மஞ்சளை நம் கண் பச்சைப்பக்கம் சாய்த்துத்தான் பார்க்கிறது. பர்ன் கருவியாலோ கறுப்பு பிரஷ்ஷாலோ பித்தளையை இருட்டாக்கினால் இந்தப் பச்சை வந்தே தீரும். நிறத்தை மாற்றாமல் இருட்டாக்கக் கூடாது. இருட்டுப் பக்கம் போகப் போக நிறம் சிவப்பை நோக்கி நகர வேண்டும்.

இதற்குக் கைவசம் நல்ல வழி கிரேடியன்ட் மேப், அதாவது இருட்டு வெளிச்சத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறத்தைக் கொடுக்கும் வசதி. மூன்று மென்பொருளிலும் இருக்கிறது, ஜிம்ப்பில் 'கலர்ஸ்' மெனுவில் 'மேப்' உள்ளே. கறுப்பு வெள்ளையில் வரைந்து முடித்தபின், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு இந்த ஐந்து நிறங்களை வைத்துப் பாருங்கள்: 28, 14, 8, அடுத்து 92, 48, 16, அடுத்து 176, 120, 40, அடுத்து 232, 190, 96, கடைசியில் 255, 246, 214. நான் பித்தளைக்கு வைத்துக்கொண்டிருக்கும் அளவு இது, உங்கள் படத்துக்கு ஏற்ப நடு நிறத்தை மட்டும் நகர்த்தினால் போதும். ஆனால் ஒரு குறை: கிரேடியன்ட் மேப் சுற்றுப்புறத்தின் நிறத்தை அழித்துவிடும், சிவப்புத் தரையும் நீலப் புடவையும் ஒரே குடும்பமாகிவிடும். அதனால் அவசரத்துக்கு இது, நேரம் இருந்தால் மேலே சொன்ன மல்டிப்ளை வழி.

அப்புறம் இன்னொன்று, பலர் கவனிக்காதது. பித்தளை பித்தளையைப் பார்க்கும் இடங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள மடிப்பு, குத்துவிளக்கின் தண்டில் வளையங்களுக்கு நடுவே உள்ள பள்ளம். அங்கே வெளிச்சம் ஒருமுறைக்கு இருமுறை பித்தளையில் பட்டு வருகிறது, ஒவ்வொரு முறையும் நீலம் கழிகிறது, அதனால் நிறம் அடர்ந்து ஆரஞ்சாக ஒளிரும். பள்ளம் என்றாலே கறுப்பு என்று நிரப்பிவிடுகிறோம். அந்த இடத்தில் ஒரு அடர்ந்த ஆரஞ்சை வைத்துப் பாருங்கள், பாத்திரத்துக்கு உயிர் வந்துவிடும்.

ஒரு துளிகூடத் தங்கம் ஒட்டாமல் பளபளப்பைக் கொண்டுவர முடியுமா என்று சந்தேகம் இருந்தால், யான் வான் ஐக் 1434-ல் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் மேலே தொங்கும் பித்தளைச் சரவிளக்கில் பழுப்பும் மஞ்சளும் வெளிர்நிறத் துளிகளும்தான் இருக்கின்றன. நம் தஞ்சாவூர் ஓவியத்தின் வழி வேறு, அங்கே தங்க ரேக்கையே ஒட்டிவிடுகிறார்கள், அறையின் வெளிச்சமே மினுமினுப்பைக் கொடுத்துவிடும். திரையில் நமக்கு அந்த வசதி இல்லை, நிறத்தால்தான் ஏமாற்ற வேண்டும்.

அழுக்காக, புகை படிந்தது போல இருக்கிறது

இதற்கு ஒரே காரணம்தான், வெளுக்க வைக்கும் டாட்ஜ், இருட்டாக்கும் பர்ன் இரண்டையும் மென்மையான பெரிய பிரஷ்ஷில் திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறீர்கள். அதுவும் ஒரே லேயரில். அந்த லேயரைத் தேற்றப் பார்க்காதீர்கள், மறைத்துவிட்டு மேலே புதிதாக வரையுங்கள். டாட்ஜ் வேண்டும் என்றால் 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய தனி லேயரை 'ஓவர்லே'யில் வைத்து அதில் தேய்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அழிக்க வசதி. 'கலர் டாட்ஜ்' பிளெண்ட் மோட் பார்த்தவுடன் பளிச்சென்று இருக்கும், ஆனால் நடுத்தர வெளிச்சங்களை எல்லாம் ஒரே தாவாக வெளுக்க வைத்துவிடும், நான் அதை ஜன்னலின் உள்பகுதிக்கு மட்டும் 20, 30 சதவீத ஒபாசிட்டியில் (அடர்த்தியில்) வைத்துக்கொள்கிறேன்.

எவர்சில்வர் டம்ளர் வரிக்குதிரை போல இருக்கிறது

டம்ளரில் நெடுக்குப் பட்டைகள் வருவது சரிதான். உருளை வடிவம் பக்கவாட்டில் மட்டும்தான் வளைகிறது, அதனால் அறை முழுவதையும் பக்கவாட்டில் நசுக்கி, மேலும் கீழுமாக அப்படியே விட்டுவிடுகிறது. கதவு ஒரு மெல்லிய கோடாகிவிடும், ஆனால் உயரம் குறையாது. தப்பு எங்கே என்றால், பட்டைகள் எல்லாம் ஒரே அகலம், ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை, இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கல், நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமச்சீர்.

சரிசெய்ய: ஒரு பெரிய வெளிச்சம், ஒரு பெரிய இருட்டு, மற்றது எல்லாம் ஒல்லியாக. ஓரத்தை நெருங்க நெருங்கப் பட்டைகள் நெருங்கி மெலிய வேண்டும், ஏனென்றால் டம்ளரின் இரண்டு ஓரங்களில்தான் அறையின் மிகப் பெரிய பங்கு நசுங்கிக் கிடக்கிறது. ஒரு பட்டையின் ஒரு பக்கம் கூர்மையாக இருந்தால் மறுபக்கம் மங்கலாக இருக்கட்டும். டம்ளர் கீழே குறுகுகிறது என்றால் பட்டைகளும் கூடவே குறுகிச் சாய வேண்டும், நேராக நின்றால் டம்ளர் மேல் ஒட்டிய காகிதம் போலத் தெரியும். அடியில் மேசையின் பிரதிபலிப்பு, கிண்ணம் போல வளைந்து.

நிறத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. எவர்சில்வர் என்று நாம் கூப்பிட்டாலும் அது வெள்ளி இல்லை, குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த இரும்பு. வெள்ளி, தன் மேல் விழும் வெளிச்சத்தில் 95 சதவீதத்தை ஒட்டித் திருப்பித் தருகிறது, எவர்சில்வர் 60 சதவீதம் அளவுக்குத்தான். மென்பொருளின் எண்ணில் சொன்னால், 255-ல் இருக்கும் வெள்ளைச் சுவர் டம்ளருக்குள் 200 சொச்சமாகத்தான் தெரிய வேண்டும். சுவரும் டம்ளரும் ஒரே வெள்ளையில் இருப்பதால்தான் பல படங்களில் டம்ளர் வெள்ளியாகவோ, கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசியது போலவோ தெரிகிறது. கூடவே, அந்தச் சாம்பல் வெறும் சாம்பலாக இருக்கக் கூடாது. வானத்தைப் பார்க்கும் பட்டையில் ஒரு சொட்டு நீலம், மேசையைப் பார்க்கும் பட்டையில் ஒரு சொட்டு மரநிறம்.

கண்ணாடி மாதிரி, அந்தப் பக்கம் தெரிவது போல இருக்கிறது

பின்னால் இருக்கும் மேசை விளிம்பின் கோடு டம்ளருக்குள்ளும் அதே உயரத்தில் தொடர்கிறதா பாருங்கள். தொடர்ந்தால் கண் அதை ஊடுருவிப் பார்ப்பதாக எடுத்துக்கொள்ளும். உலோகம் காட்டுவது பெரும்பாலும் முன்னால் இருப்பதை, அதாவது உங்கள் பக்கத்தை. பின்னால் இருப்பது ஓரத்தில் மட்டும் நசுங்கித் தெரியும். அந்தக் கோட்டை உடைத்து, கொஞ்சம் கீழே இறக்கி, வளைத்து விடுங்கள். தரையில் விழும் நிழலையும் பாருங்கள். கண்ணாடியின் நிழலுக்குள் வெளிச்சத் திட்டு இருக்கலாம், உலோகத்தின் நிழல் கெட்டியாகத்தான் இருக்கும். உலோகம் வெளிச்சத்தைத் தெறிக்கும் திட்டு, வெளிச்சம் வரும் பக்கத்து மேசை மேல்தான் விழும்.

பிரஷ்டு ஸ்டீல் போட்டேன், கம்பளி போல வந்தது

தேய்த்து முடித்த எஃகுக்கு வழக்கமான வழி எல்லாருக்கும் தெரியும்: நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) போட்டு மோஷன் பிளர் (ஒரே திசையில் இழுத்து மங்கலாக்குவது) கொடுப்பது. கம்பளியாவதற்குக் காரணம், நாய்ஸ் பல நிறத்தில் இருப்பது, அல்லது பிளரின் நீளம் போதாதது. போட்டோஷாப்பில் 'மோனோகுரோமேடிக்' பெட்டியில் டிக் போடுங்கள், ஜிம்ப்பில் ஆர்ஜிபி நாய்ஸில் மூன்று நிறமும் தனித்தனியாக மாறும் தேர்வை எடுத்துவிடுங்கள். பிளர் நீளத்தைப் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வையுங்கள். ஓரங்களில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு நிற்கும், அதற்காகத் தேவையான அளவைவிட இரண்டு பக்கமும் பெரிதாக எடுத்துச் செய்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், இந்த இழை வெறும் தோல்தான். இதை 10, 15 சதவீதத்துக்கு மேல் ஒபாசிட்டியில் வைத்தாலே துணி வாடை அடிக்கத் தொடங்கிவிடும். இழை போட்ட எஃகை எஃகாகக் காட்டுவது அதன் மேல் ஓடும் வெளிச்சம், அந்த வெளிச்சம் இழைக்குக் குறுக்கே இழுபட்டு ஓடும். இழை படுக்கையாக என்றால் வெளிச்சப் பட்டை செங்குத்தாக நீளும். சப்பாத்திக் கல்லின் அடிப்பக்கமோ தட்டின் நடுவோ வட்டமாகத் தேய்த்ததாக இருந்தால், வெளிச்சம் நடுவிலிருந்து இரண்டு விசிறிகளாக எதிரெதிரே விரியும். அதற்குச் சமச்சீரான கோனிக்கல் கிரேடியன்ட் போதும், மேலே நாய்ஸுக்கு வட்ட மோஷன் பிளர். போட்டோஷாப்பில் ரேடியல் பிளரில் 'ஸ்பின்'.

காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது

விளிம்பு இல்லை. உலோகத்தில் கத்தி முனையைப் போன்ற விளிம்புகூட உருப்பெருக்கினால் கொஞ்சம் உருண்டுதான் இருக்கும், அந்தச் சின்ன உருட்டு அறையின் எங்கோ ஒரு வெளிச்சத்தைப் பிடித்துவிடும். 3000 பிக்சல் படத்தில் ஒன்றிலிருந்து மூன்று பிக்சல் அகலத்தில் ஒரு கோடு, ஆனால் தொடர்ச்சியாக அல்ல. ஜன்னல் பக்கம் திரும்பும் இடத்தில் பளிச், திரும்பாத இடத்தில் காணாமல் போய், மீண்டும் வந்து. செம்பின் வாய்க்குத் தடிமன் கொடுங்கள். ஈயம் பூசிய பாத்திரம் என்றால் உள்ளே மஞ்சள் வராது, மங்கலான வெள்ளிநிறம் வர வேண்டும், வாய் விளிம்பில் மஞ்சளும் வெள்ளையும் சந்திக்கும் அந்தக் கோடு ரொம்ப அழகாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

அரிவாளில் இன்னும் நன்றாகத் தெரியும். பட்டறையில் அடித்த உடல் கறுத்து மங்கியிருக்கும், சாணை பிடித்த வாய் மட்டும் வெள்ளையாக மின்னும். இரண்டையும் ஒரே பளபளப்பில் வரைந்தால் அட்டைக் கத்தி.

லேயர் ஸ்டைலில் 'பெவல் அண்ட் எம்பாஸ்' போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எழுத்தின் வெளிச்சம் ஒரு பக்கம், பக்கத்துப் பொருளின் வெளிச்சம் வேறு பக்கம் இருந்தால், 'யூஸ் குளோபல் லைட்' ஒன்றில் டிக் ஆகி மற்றதில் ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பெட்டியில் உள்ள 'கிளாஸ் கான்டூர்' வளைவு நேர்கோடாக இருக்கும்வரை அது பிளாஸ்டிக் எழுத்துதான், அலை போல மேலும் கீழும் ஏறி இறங்கும் வளைவைத் தேர்ந்தால்தான் உலோகத்தின் இருட்டு-வெளிச்சத் தாவல் வரும்.

சாய்வுகள் பட்டை பட்டையாகப் பிரிகின்றன

8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மங்கலான ஒரு வெளிச்சத்தைப் பெரிய பரப்பில் இழுத்தால் படிகள் தெரியும். கோப்பை 16 பிட்டாக வைத்துத் தொடங்குங்கள் (ஜிம்ப்பில் 2018-ல் வந்த 2.10-லிருந்து இந்த வசதி இருக்கிறது, 'இமேஜ்' மெனுவில் 'பிரிசிஷன்'), கிரேடியன்ட் கருவியில் 'டிதர்' (படிகளைப் புள்ளிகளாகக் கலக்குவது) டிக் போடுங்கள், கடைசியில் மேலே மிக மெல்லிய நாய்ஸ். மூலப் படத்தில் பட்டை இல்லாமல், அனுப்பியபின் மட்டும் தெரிகிறது என்றால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கீறலும் துருவும் மேலே ஒட்டியது போல இருக்கின்றன

கீறலில் இருந்து தொடங்குவோம். இறக்கிய கீறல் டெக்ஸ்ச்சரைப் படம் முழுக்க ஒரே அழுத்தத்தில் பரப்பியிருப்பீர்கள். ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன, ஆனால் உங்களுக்குத் தெரிபவை விளக்கின் பிரதிபலிப்பைச் சுற்றி வளைய வளையமாக, சிலந்தி வலை போல. வெளிச்சத்தைச் சுற்றி வளையும் திசையில் இருப்பவை மட்டும்தான் கண் பக்கம் மின்னும், மற்றவை மறைந்துவிடும். தட்டைத் திருப்பினால் வளையங்களும் விளக்கோடு நகரும். ஆக, கீறலை ஹைலைட்டைச் சுற்றி வளைவான சின்னச் சின்ன இழைகளாக வையுங்கள், தூரம் போகப் போக மாஸ்க்கில் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி) மங்கச் செய்யுங்கள். இந்த ஒன்றைச் செய்ததும் என் படங்களில் வந்த மாற்றம், அதற்கு முன் வாங்கிய எந்த பிரஷ் தொகுப்பிலும் வரவில்லை. ஆழமான ஒற்றைக் கீறல் வேறு கதை: ஒரு இருட்டுக் கோடு, அதை ஒட்டி வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெளிச்சக் கோடு, இரண்டும் சேர்ந்துதான் பள்ளம்.

துரு உலோகம் இல்லை. இதை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஜன்னலின் பிரதிபலிப்பு துருவின் மேல் அப்படியே ஓடினால் அது ஆரஞ்சு ஸ்டிக்கர். துரு வரும் இடத்தில் பளபளப்பு அறுபட வேண்டும். அங்கே மண்பானையின் சட்டம் திரும்ப வருகிறது, மென்மையான வெளிச்சம், மென்மையான நிழல், ஹைலைட் கிடையாது. அதனால் லேயர் வரிசையில் பிரதிபலிப்பு எல்லாம் கீழே, துரு தனிக் குழுவாக மேலே, ஒரு மாஸ்க்கோடு. அந்த மாஸ்க்கின் ஓரம் சொரசொரப்பாக இருக்கட்டும். நடுவில் இருண்ட பழுப்பு, ஓரத்தில் ஆரஞ்சுப் பொடி, தண்ணீர் ஓடிய திசையில் கீழ்நோக்கி ஒரு கறை.

எங்கே வைப்பது என்பதற்கும் காரணம் வேண்டும். அரிவாளில் பிடியும் இரும்பும் சேரும் இடத்தில், தண்ணீர் தேங்கும் குழிகளில், உபயோகிக்காத முதுகுப் பக்கத்தில். தினமும் தீட்டும் வாயில் வராது. பித்தளைக்குத் துரு வைத்துவிடாதீர்கள், பித்தளையில் ஏறுவது களிம்பு. அது பச்சை, அதுவும் புளி போட்டுத் தேய்க்கும் கை எட்டாத இடத்தில், விளக்கின் வளையங்களுக்கு நடுவில், செம்பின் கழுத்து மடிப்பில். மேடான இடங்கள் தேய்ந்து மின்ன, பள்ளங்களில் கொஞ்சம் கறுப்பும் களிம்பும் தங்கியிருந்தால், பார்ப்பவர் அது தினமும் புழங்கும் பாத்திரம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வார்.

மேசை மேல் உட்காராமல் மிதக்கிறது

பாத்திரம் மேசையைத் தொடும் இடத்தில் ஏறக்குறையக் கறுப்பான மெல்லிய கோடு இருக்கிறதா? அதிலிருந்து விலக விலக நிழல் மங்குகிறதா? முழு நிழலும் ஒரே மங்கலில் இருந்தால் மிதக்கத்தான் செய்யும். இரண்டு லேயர் போதும், தொடும் இடத்துக்குக் கூர்மையான இருட்டு, அதைச் சுற்றி அகலமான மென்மை. அப்புறம் அந்தப் பக்கமும் பாருங்கள்: மேசை பாத்திரத்துக்குள் தெரிகிறதா? நிழலும் பாத்திரத்துக்குள் தெரிய வேண்டும், அடிப்பக்கத்தில் ஒரு இருண்ட வளைவாக. இதை வைக்கும் வரை பாத்திரமும் மேசையும் ஒரே அறையில் இருப்பதாகக் கண் நம்பாது.

திரையில் தங்கம், அச்சில் கடுகு

அழைப்பிதழ், புத்தக அட்டை, பேனர் செய்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்போம். திரை தானே ஒளிர்கிறது, காகிதம் ஒளிராது, அதன் உச்ச வெளிச்சம் காகிதத்தின் வெள்ளைதான். திரையில் கூசிய மஞ்சள், அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கே-க்கு மாறும்போது மங்கி, பக்கத்தில் உள்ள பழுப்போடு சேர்ந்து தட்டையாகிவிடும். வேலை முடிந்தபின் மாற்றிப் பார்த்து அதிர்ச்சியடையாமல், வரையும்போதே சாஃப்ட் புரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) போட்டுக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பில் 'வியூ' மெனுவில் 'புரூஃப் கலர்ஸ்', கண்ட்ரோல் ஒய். ஜிம்ப்பிலும் கிரிட்டாவிலும் இதே வசதி இருக்கிறது, கிரிட்டாவில் நேரடியாக சிஎம்ஒய்கே-யிலேயே வரையலாம். அச்சகத்தில் எந்த புரொஃபைல் என்று முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மங்கியதைச் சரிசெய்ய மஞ்சளை ஏற்றுவதுதான் எல்லாரும் செய்வது, அதுதான் கடுகாக்குகிறது. மஞ்சளைத் தொடாமல், இருட்டை இன்னும் இருட்டாக்குங்கள், செம்பழுப்பின் பக்கம் கொண்டுபோய். ஹைலைட்டின் உள்பகுதியில் மை எதுவும் விழாமல் காகிதத்தையே விடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் கண்ணுக்குத் தங்கமாகப் படும். முழு ஆர்டரையும் கொடுக்கும் முன், படத்தின் ஒரு துண்டை மட்டும் வெட்டி, இப்போது இருப்பது ஒன்று, இருட்டைக் கர்வ்ஸில் கொஞ்சம் இறக்கியது ஒன்று, இன்னும் இறக்கியது ஒன்று என்று மூன்றையும் ஒரே தாளில், நிஜமாக அச்சடிக்கப்போகும் அதே காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை அச்சகத்தின் டியூப்லைட்டில் பார்க்காமல் வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான், திரையில் ரொம்ப இருட்டு என்று நினைத்தது, காகிதத்தில் சரியாக இருந்திருக்கிறது.